செக்யூர் பூட்: சாவி, ஃபியூஸ், சங்கிலி – வாசகர் கேள்வி பதில்

உள்பொதி கருவிகளில் அந்நிய மென்பொருள் ஓடாமல் தடுக்கும் செக்யூர் பூட் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளும், அவற்றுக்குத் தொழில்நுட்பக் குழுவின் பதில்களும்.

கேள்வி: எங்கள் கருவியின் ஃபர்ம்வேருக்கு (கருவியை இயக்கும் மென்பொருளுக்கு) எஸ்ஹெச்ஏ-256 ஹேஷ், அதாவது உள்ளடக்கத்தின் கைரேகை போன்ற ஓர் எண், கணக்கிட்டு ஃபிளாஷ் நினைவகத்தின் கடைசியில் வைத்திருக்கிறோம். ஒவ்வொரு முறை மின்சாரம் வரும்போதும் பூட்லோடர் (ஃபர்ம்வேரை ஏற்றி ஓட்டும் தொடக்க நிரல்) அதை ஒப்பிட்டுப் பார்க்கிறது. இதுதானே செக்யூர் பூட்?

பதில்: இல்லை. அந்த ஹேஷ் தற்செயலாக வரும் கோளாறை மட்டும்தான் பிடிக்கும். அப்டேட் பாதியில் நின்றது, ஃபிளாஷில் ஒரு பிட் புரண்டது போன்றவை தெரியவரும். வேண்டுமென்றே மாற்றுகிறவர் ஃபர்ம்வேரை மாற்றிய கையோடு புது ஹேஷையும் கணக்கிட்டு அதே இடத்தில் எழுதிவிடுவார். ஹேஷ் கணக்கிட ரகசியம் எதுவும் தேவையில்லையே.

அதனால்தான் டிஜிட்டல் கையொப்பம். ஃபர்ம்வேரின் ஹேஷை உங்களிடம் மட்டும் இருக்கும் தனிச் சாவியால் கையொப்பமிடுகிறீர்கள். கருவியில் இருப்பது அதற்கு இணையான பொதுச் சாவி மட்டும். கருவியை ஒருவர் அக்கக்காகப் பிரித்துப் படித்தாலும் அவருக்குக் கிடைப்பது சரிபார்க்கும் சாவிதான். கையொப்பமிடும் சாவி அங்கே இல்லவே இல்லை.

அடுத்து எழ வேண்டிய கேள்வி: சரிபார்க்கும் பூட்லோடரையே ஒருவர் மாற்றிவிட்டால்? அதைச் சரிபார்க்க அதற்கு முன்னால் ஒன்று வேண்டும். அந்த வரிசை முடியும் இடம் சிப்புக்குள் உற்பத்தியின்போதே பதிந்துவிட்ட பூட் ரோம் (ROM). அதை யாராலும் திருத்த முடியாது. ரீசெட் ஆனதும் பிராசசர் முதலில் ஓட்டுவது அதைத்தான். எந்தப் பொதுச் சாவியை நம்பலாம் என்று அது தெரிந்துகொள்வது, ஒரே முறை மட்டும் எழுதக்கூடிய இ-ஃபியூஸ்களிலிருந்து. பெரும்பாலான சிப்களில் முழுச் சாவியையும் ஃபியூஸில் எரிப்பதில்லை. ஆர்எஸ்ஏ-3072 என்ற கையொப்ப முறையில் சாவியின் முக்கிய எண்ணான மாடுலஸ் மட்டுமே 384 பைட். எனவே சாவி கையொப்பத்தோடு ஃபிளாஷில் இருக்கும். அதன் 32 பைட் ஹேஷ் மட்டும் ஃபியூஸில் இருக்கும். பூட் ரோம் முதலில் சாவியின் ஹேஷை ஃபியூஸோடு ஒப்பிட்டு, பிறகு அந்தச் சாவியால் பூட்லோடரின் கையொப்பத்தைப் பார்த்து, இரண்டும் சரியென்றால்தான் அதற்குள் குதிக்கும். பூட்லோடர் தனக்கு அடுத்ததை இதே போலச் சரிபார்க்கும். இப்படிக் கடைசிச் செயலி வரை போவதுதான் நம்பிக்கைச் சங்கிலி.

இதில் பலர் கவனிக்காத நுணுக்கம் ஒன்று உண்டு. வெளியே தனியாக இருக்கும் ஃபிளாஷில் வைத்தே இமேஜை (ஏற்ற வேண்டிய ஃபர்ம்வேர் ஃபைலை) சரிபார்த்து, பிறகு அங்கிருந்தே மறுபடி படித்து ஓட்டினால், இரண்டு படிப்புக்கும் நடுவே ஃபிளாஷை மாற்றிக் காட்டும் சர்க்யூட்டை இடையில் செருகலாம். முடிந்தவரை சிப்புக்குள் இருக்கும் ரேமுக்கு நகலெடுத்து, அந்த நகலைச் சரிபார்த்து, அதையே ஓட்ட வேண்டும். இமேஜ் பெரிதாக இருந்து ஃபிளாஷிலிருந்தே நேரடியாக ஓட்ட வேண்டிய சிப்களில் ஃபிளாஷ் என்கிரிப்ஷனையும் (ஃபிளாஷில் இருப்பதை மறையெழுத்தாக்கும் வசதி) சேர்த்தே இயக்குங்கள்.

கேள்வி: இஎஸ்பி32-எஸ்3 சிப்பில் செக்யூர் பூட் இயக்கப் போகிறோம். எந்த வரிசையில் செய்வது? எங்கே தடுக்கி விழுவோம்?

பதில்: முதலில் ஃபியூஸ் எதையும் எரிக்காமல் ஒத்திகை பாருங்கள். இந்தச் சிப்புக்கான மென்பொருள் தொகுப்பான இஎஸ்பி-ஐடிஎஃப்பின் அமைப்புத் திரையில் (மெனுகான்ஃபிக்) இ-ஃபியூஸைப் போலியாக நடத்தும் விர்ச்சுவல் இ-ஃபியூஸ் தெரிவு உண்டு. அதில் முழுப் பாதையையும் ஓட்டிப் பார்த்த பிறகு, வீணானாலும் பரவாயில்லை என்று ஒதுக்கிய சில போர்டுகளில் உண்மையாகச் செய்யுங்கள்.

எஸ்3-ல் இருப்பது செக்யூர் பூட் இரண்டாம் பதிப்பு. ஆர்எஸ்ஏ-3072, பிஎஸ்எஸ் முறைக் கையொப்பம். பழைய இஎஸ்பி32 வரிசையில் இந்தப் பதிப்பு வேண்டுமானால் சிப் ரிவிஷன் 3 அல்லது அதற்குப் பிந்தியதாக இருக்க வேண்டும், கொள்முதலின்போதே பார்த்துக்கொள்ளுங்கள். பழையதில் ஒரே ஒரு சாவிக்குத்தான் இடம். எஸ்3-ல் மூன்று சாவிகளின் ஹேஷ்களை எரிக்கலாம். இந்த மூன்று இடங்களையும் பயன்படுத்துங்கள் என்று அழுத்திச் சொல்கிறோம். ஒரு சாவி கசிந்தால் அதைச் செல்லாததாக்கிவிட்டு அடுத்ததற்கு மாற அது ஒன்றே வழி. ஆனால் செக்யூர் பூட் இயங்கத் தொடங்கும் அதே வேளையில், காலியாக உள்ள இடங்களை பூட்லோடர் இயல்பாகவே செல்லாததாக்கிவிடும். 'மற்ற இரண்டையும் பிறகு சேர்த்துக்கொள்ளலாம்' என்று நினைத்தவர்களுக்கு அந்தப் 'பிறகு' வருவதில்லை. முதல் பூட்டுக்கு முன்பே மூன்று சாவிகளையும் உருவாக்கி, பூட்லோடரை மூன்றாலும் கையொப்பமிட்டு எழுதுங்கள். கையொப்பப் பகுதி ஒவ்வொன்றும் 1216 பைட். மூன்றும் ஒரே 4096 பைட் செக்டருக்குள் அடங்கிவிடும்.

அடுத்த தடுக்கல் இடம், ஃபிளாஷில் எது எங்கே இருக்கிறது என்று சொல்லும் பார்ட்டிஷன் டேபிள். அது இயல்பாக ஹெக்ஸ் 8000 முகவரியில் இருக்கும். செக்யூர் பூட்டும் என்கிரிப்ஷனும் சேர்ந்ததும் பூட்லோடர் பெருத்து அந்த எல்லையை முட்டலாம், பில்டு நின்றுவிடும். டேபிளை ஹெக்ஸ் எஃப்000 போன்ற இடத்துக்குத் தள்ளினால் தீரும். ஏற்கெனவே விற்பனையில் இருக்கும் கருவிகளில் அந்த முகவரியை மாற்றுவது ஆபத்தான வேலை என்பதால் இதை வடிவமைப்பின் தொடக்கத்திலேயே முடிவு செய்யுங்கள்.

ஃபியூஸ்களை வெளிக் கருவியால் நீங்களே எரிப்பதானால் வரிசை முக்கியம்: என்கிரிப்ஷன் சாவி முதலில், செக்யூர் பூட் பிறகு. செக்யூர் பூட் சாவியின் ஹேஷை பூட் ரோம் படித்தாக வேண்டும். யாராவது அதைப் படிக்க முடியாததாக்கிவிட்டால் கருவி செத்துவிடும். அதைத் தடுக்க, செக்யூர் பூட்டை இயக்கும்போது 'படிக்கத் தடை' ஃபியூஸ்களே பூட்டப்படுகின்றன. அதற்குப் பிறகு என்கிரிப்ஷன் சாவியை எரித்தால் அதைப் படிக்க முடியாதபடி மறைக்க வழி இருக்காது. இரண்டு வசதிகளையும் ஒரே பில்டில் தெரிவு செய்து முதல் பூட்டிலேயே பூட்லோடரைச் செய்யவிட்டால் வரிசையை அதுவே பார்த்துக்கொள்ளும்.

முதல் பூட்டின்போது மின்சாரம் துண்டிக்கப்படக் கூடாது. உற்பத்தி மேசையில் யுஎஸ்பி கேபிள் ஆடிக்கொண்டிருந்தால் அங்கேயே போர்டுகள் பாழாகும். பவர் சப்ளையை உறுதியாக இணைத்து, சீரியல் லாகில் பணி முடிந்த செய்தி வந்த பிறகே கழற்றச் சொல்லுங்கள். என்கிரிப்ஷனின் 'டெவலப்மென்ட்' மோடில் இருக்கும் கருவி எதுவும் வாடிக்கையாளர் கைக்குப் போகக் கூடாது. 'ரிலீஸ்' மோடு வேறு பில்டு. சோதனையும் அதில்தான் நடக்க வேண்டும்.

கேள்வி: ஐ.எம்எக்ஸ்6 சிப் உள்ள போர்டில் ஹெச்ஏபி-யை (அந்தச் சிப்பின் கையொப்பச் சரிபார்ப்பு வசதியை) மூடிய நிலைக்கு மாற்றியதும் எதுவுமே வரவில்லை. சீரியலில் ஓர் எழுத்துகூட இல்லை. மீட்க முடியுமா?

பதில்: எரிந்த ஹேஷ் தவறென்றால் முடியாது. அந்தப் போர்டு கதை முடிந்தது. ஹேஷ் சரி, இமேஜின் கையொப்பம்தான் பிழை என்றால், சரியாகக் கையொப்பமிட்ட இமேஜை யுஎஸ்பி சீரியல் டவுன்லோட் வழியாக ஏற்றிப் பாருங்கள். அந்த வழி ஃபியூஸால் அடைக்கப்படாதிருந்தால் உயிர் வரும். ஆனால் மூடிய சிப்பில் அந்த யுஎஸ்பி இமேஜும் கையொப்பத்தோடுதான் இருக்க வேண்டும். மூடுவதற்கு முன்பே தனியாகத் தயாரித்துச் சோதித்து வைத்திருக்க வேண்டிய ஒன்று அது.

இனி வரும் போர்டுகளுக்கு: எஸ்ஆர்கே ஹேஷ் (ஃபியூஸில் எரிக்கும் பொதுச் சாவிகளின் ஹேஷ்) 256 பிட், 32 பிட் சொற்களாக எட்டு ஃபியூஸ் இடங்களில் எரிகிறது. பாழாகும் போர்டுகளில் நாங்கள் அதிகம் பார்க்கும் காரணம் பைட் வரிசை. ஃபைலை பைட் பைட்டாகப் படித்து எழுதினால் ஒவ்வொரு சொல்லும் தலைகீழாகிவிடும். 32 பிட் சொற்களாகப் படித்து எழுதுங்கள். எரித்ததும் எட்டையும் திரும்பப் படித்து ஒப்பிடுங்கள். அதன் பிறகு போர்டு திறந்த நிலையிலேயே இருக்கட்டும். திறந்த நிலையிலும் ஹெச்ஏபி சரிபார்க்கத்தான் செய்யும். பிழையைக் குறித்துவைத்துக்கொண்டு பூட்டைத் தொடர விடும், அவ்வளவுதான். யு-பூட் என்ற பூட்லோடரில் ஹெச்ஏபி ஸ்டேட்டஸ் கட்டளை கொடுங்கள். நிகழ்வு எதுவும் இல்லை என்று வரும் வரை மூடும் ஃபியூஸைத் தொடாதீர்கள். கடைசியில் எஸ்ஆர்கே ஃபியூஸ்களில் மேற்கொண்டு எழுத முடியாமல் தடுக்கும் லாக் ஃபியூஸையும் எரியுங்கள். இல்லையென்றால் மீதமுள்ள பூஜ்ஜியங்களை யாராவது ஒன்றாக்கி கருவியைச் சாகடிக்கலாம்.

பூட் ஆகிறது என்பதற்காகவும் நிம்மதியடைய வேண்டாம். எந்த முகவரியிலிருந்து எத்தனை பைட் வரை கையொப்பத்துக்குள் வருகிறது என்பதைச் சிஎஸ்எஃப் எனும் கையொப்பக் கட்டளை ஃபைலில் நீங்கள்தான் எழுதுகிறீர்கள். யு-பூட்டை மறுபடி பில்டு செய்து அளவு கூடியிருக்க, பழைய நீளமே அதில் கிடந்தால், வால்பகுதி கையொப்பத்துக்கு வெளியே நிற்கும். சரிபார்ப்பு தேறிவிடும், பாதுகாப்பு இருக்காது. அந்த எண்களைக் கையால் எழுதாமல் பில்டு ஸ்கிரிப்டே எடுத்து நிரப்பும்படி செய்யுங்கள்.

கேள்வி: எங்கள் லினக்ஸ் கருவியில் யு-பூட், கர்னல் இரண்டும் கையொப்பமிட்டவை. ஆனாலும் சோதனைக்குக் கொடுத்தபோது சிறிது நேரத்தில் ரூட் ஷெல் (முழு அதிகாரம் கொண்ட கட்டளை வரி) எடுத்துக் காட்டினார்கள். எங்கே ஓட்டை?

பதில்: கையொப்பக் கணிதத்தை யாரும் உடைத்திருக்க மாட்டார்கள்; அதைச் சுற்றிக்கொண்டு போயிருப்பார்கள். வாய்ப்பு அதிகமுள்ள இடங்களை வரிசையாகப் பாருங்கள்.

முதலாவது யு-பூட்டின் என்விரான்மென்ட், அதாவது அது படித்து நடக்கும் அமைப்பு மதிப்புகள். பூட் கட்டளையும் கர்னலுக்குப் போகும் அளவுருக்களும் எழுதக்கூடிய ஃபிளாஷில் கையொப்பம் இல்லாமல் கிடந்தால், கர்னல் எவ்வளவு உண்மையானதாக இருந்தாலும் பயனில்லை. கர்னல் முதலில் ஓட்ட வேண்டிய நிரலைச் சொல்லும் இனிட் அளவுருவில் ஷெல்லின் பாதையைக் கொடுத்தால் அதே கர்னல் ரூட் ஷெல்லைத் திறந்து தரும். என்விரான்மென்ட்டை ஃபிளாஷிலிருந்து படிக்காமல், பில்டிலேயே உறைந்ததாக வையுங்கள். பூட் டிலேயை (பூட் ஆகுமுன் காத்திருக்கும் நேரத்தை) -2 ஆக்குங்கள். பூஜ்ஜியம் வைத்தால் சரியான நொடியில் விசையை அழுத்தி நிறுத்தலாம். -2 என்றால் விசை அழுத்தமே பார்க்கப்படாது. -1 வைத்துவிடாதீர்கள், அது தானாக பூட் ஆவதையே நிறுத்தி நேரே கட்டளை வரியில் கொண்டுபோய் விடும்.

இரண்டாவது, கர்னல் முதலியவற்றை ஒன்றாகக் கட்டும் ஃபிட் இமேஜ். அதைத் தயாரிக்கும் எம்கேஇமேஜ் நிரலில் 'ஆர்' என்ற தெரிவைக் கொடுக்காமல் சாவியைச் சேர்த்திருந்தால், அந்தச் சாவி 'கட்டாயம்' என்று குறிக்கப்பட்டிருக்காது. கையொப்பம் இருந்தால் பார்க்கும். இல்லாத இமேஜையும் ஏற்றுக்கொள்ளும். வேலை செய்வதுபோலவே தெரியும் என்பதால் இந்தப் பிழை ஆண்டுக்கணக்கில் ஒளிந்திருக்கும். அதோடு தனித்தனி இமேஜ்களை மட்டும் கையொப்பமிடாமல் எவை எவை சேர வேண்டும் என்று சொல்லும் கான்ஃபிகரேஷனையே கையொப்பமிடுங்கள். இல்லையேல் ஒரு வெளியீட்டின் கர்னலையும் இன்னொன்றின் டிவைஸ் ட்ரீயையும் (வன்பொருள் விவர ஃபைல்) சேர்த்துக் கோத்து, இரண்டும் உண்மையானவை என்று காட்டலாம். பூட்இசட், பூட்ஐ, கோ போன்ற கட்டளைகள் ஃபிட் சரிபார்ப்பைத் தொடாமலே கர்னலை ஓட்டக்கூடியவை. தயாரிப்பு பில்டில் அவை இருக்கவே கூடாது. பழைய யு-இமேஜ் வடிவத்துக்கான ஆதரவையும் நீக்குங்கள்.

மூன்றாவதுதான் மிகப் பரவலானது: ரூட் ஃபைல் சிஸ்டம். கர்னல் வரை கையொப்பம், அதன் பிறகு ஈஎம்எம்சி சேமிப்பு மெமரியில் பாதுகாப்பில்லாத சாதாரண எக்ஸ்ட்4 ஃபைல் சிஸ்டம். மெமரியைக் கழற்றி ரீடரில் மாட்டி ஒரு ஃபைலைத் திருத்தினால் வேலை முடிந்தது. படிக்க மட்டுமான ரூட் பார்ட்டிஷனை, படிக்கும்போதெல்லாம் சரிபார்க்கும் கர்னல் வசதியான டிஎம்-வெரிட்டியின் கீழ் கொண்டுவாருங்கள். 4096 பைட் பிளாக் ஒவ்வொன்றுக்கும் ஹேஷ், அந்த ஹேஷ்களுக்கு மேல் ஹேஷ் என்று மரமாக ஏறி ஒரே ரூட் ஹேஷில் முடியும். ஒரு ஹேஷ் பிளாக்கில் 128 ஹேஷ்கள் அடங்குவதால் கூடுதல் இடம் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவே. அந்த ரூட் ஹேஷ் கையொப்பத்துக்குள் இருக்கும் ராம்டிஸ்க்கில் இருக்க வேண்டும். அதே டிஸ்க்கில் பக்கத்துப் பார்ட்டிஷனில் வைத்தால் பொருளில்லை.

எழுதக்கூடிய டேட்டா பார்ட்டிஷன் எப்படியும் இருக்கும். அதை நோஎக்ஸெக் (நிரல் ஓட்டத் தடை), நோசூயிட் (கூடுதல் அதிகாரம் பெறத் தடை) என்று மவுன்ட் செய்யுங்கள். அது மட்டும் போதாது: அங்கிருக்கும் ஸ்கிரிப்டை ஷெல்லுக்கு அளவுருவாகக் கொடுத்தால் நோஎக்ஸெக் தடுக்காது. தொடக்க ஸ்கிரிப்ட் எதுவும் டேட்டா பார்ட்டிஷனிலிருந்து ஒரு ஃபைலை எடுத்து ஓட்டவில்லை என்று கண்ணால் பார்த்து உறுதி செய்யுங்கள். கர்னல் மாட்யூல்களுக்குக் கையொப்பத்தைக் கட்டாயமாக்குங்கள், ஓடும் கர்னலிலிருந்தே வேறு கர்னலுக்குத் தாவும் கேஎக்ஸெக் தேவையில்லையென்றால் எடுத்துவிடுங்கள். 5.4 கர்னல் முதல் இருக்கும், ரூட் பயனரும் கர்னலை மாற்றாமல் தடுக்கும் லாக்டவுன் வசதியையும் இயக்குங்கள்.

கேள்வி: கையொப்பமிட்ட பழைய வெர்ஷனை ஏற்றி, அதிலிருந்த பழைய ஓட்டை வழியாக நுழைகிறார்கள். செக்யூர் பூட் இதைத் தடுக்காதா?

பதில்: தானாகத் தடுக்காது. பழையதும் நீங்கள் கையொப்பமிட்டதுதானே. குறையாமல் ஏறிக்கொண்டே போகும் ஓர் எண் வேண்டும். அது இமேஜின் கையொப்பத்துக்குள் இருக்க வேண்டும். கருவியில் ஃபியூஸிலோ பாதுகாக்கப்பட்ட கவுன்டரிலோ இருக்கும் எண்ணைவிடக் குறைந்தால் இமேஜ் நிராகரிக்கப்பட வேண்டும். ஃபியூஸில் எண் ஒன்று ஏறுவதற்கு ஒரு பிட் எரிகிறது. இஎஸ்பி32-ல் இதற்கு 32 பிட், எஸ்3-ல் 16 பிட். கருவியின் முழு ஆயுளுக்கும் அவ்வளவுதான். எனவே வெளியீட்டுக்கு ஒன்றாக ஏற்றாதீர்கள். பாதுகாப்பு ஓட்டை ஒன்றை அடைக்கும் வெளியீட்டில் மட்டும் ஏற்றுங்கள்.

எப்போது எரிப்பது என்பதிலும் கவனம் வேண்டும். புது இமேஜ் பூட் ஆகி, நெட்வொர்க்கில் இணைந்து, தன் சுயசோதனையில் தேறி, 'நான் நன்றாக இருக்கிறேன்' என்று உறுதி செய்த பிறகே எண் ஏற வேண்டும். முன்பே ஏற்றிவிட்டுப் புது இமேஜ் தகராறு செய்தால், இரண்டாம் ஸ்லாட்டில் (மாற்று இமேஜுக்கான இடத்தில்) இருக்கும் பழையதும் நிராகரிக்கப்பட்டு, திரும்ப இடமில்லாமல் கருவி நிற்கும்.

கேள்வி: கையொப்பமிடும் சாவியை எங்கே வைப்பது? இப்போது பில்டு சர்வரில் பாஸ்வேர்டோடு இருக்கிறது.

பதில்: அங்கிருந்து எடுத்துவிடுங்கள். செக்யூர் பூட்டின் பலமெல்லாம் கடைசியில் இந்தச் சாவியில்தான் வந்து நிற்கிறது. பில்டு சர்வரில் எத்தனையோ பேருடைய ஸ்கிரிப்டுகள், வெளியிலிருந்து இறங்கும் பேக்கேஜ்கள் எல்லாம் ஓடுகின்றன. அதற்குள் நுழைந்தவர் சாவியை நகலெடுத்துவிட்டால் உங்கள் கருவிகள் எல்லாவற்றுக்கும் அவர் ஃபர்ம்வேர் எழுதலாம்.

சாவி, சாவிகளைக் காக்கும் தனி வன்பொருளான ஹெச்எஸ்எம் ஒன்றுக்குள்ளேயே உருவாகி, அதைவிட்டு வெளிவராமல் இருக்க வேண்டும். பில்டு சர்வர் ஹேஷை அனுப்பும், கையொப்பம் திரும்பி வரும். தயாரிப்புச் சாவியால் கையொப்பமிட இருவர் ஒப்புதல் தேவை என்று வையுங்கள். யார், எப்போது, எந்த ஹேஷுக்கு என்று பதிவு இருக்கட்டும். உருவாக்குநர்களின் அன்றாட வேலைக்கு வேறு சாவி, வேறு ஃபியூஸ் எரித்த போர்டுகள். சாவி தொலைவதும் கசிவதற்கு இணையான பேரிழப்பு: இனி ஒருபோதும் அப்டேட் கொடுக்க முடியாது. ஆகவே இன்னொரு இடத்தில் இன்னொரு ஹெச்எஸ்எம்-ல் பின்காப்பு வேண்டும். ஃபியூஸில் எரித்த மாற்றுச் சாவிகளை முதல் சாவி இருக்கும் அதே இடத்தில் வைக்காதீர்கள். கசிந்தால் மூன்றும் சேர்ந்தே கசியும்.

எம்சியு-பூட் என்ற திறந்த மூல பூட்லோடரைப் பயன்படுத்துகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அதன் மூலநிரலோடு மாதிரிச் சாவிகள் வருகின்றன. தனிச் சாவியும் உலகம் முழுக்கக் கிடைக்கிறது. அதையே வைத்துத் தயாரிப்பை அனுப்பினால் கையொப்பம் இருந்தும் இல்லாததே. இது கற்பனை ஆபத்து இல்லை. 2024 ஜூலையில் வெளிவந்த 'பிகேஃபெயில்' விவகாரத்தில், 'நம்ப வேண்டாம்' என்று சான்றிதழிலேயே எழுதியிருந்த சோதனைச் சாவியோடு நூற்றுக்கணக்கான கணினி மாடல்கள் விற்பனைக்குப் போயிருந்தது தெரியவந்தது. தயாரிப்பு பில்டில் மாதிரிச் சாவியின் ஹேஷ் தென்பட்டால் பில்டே தோற்கும்படி ஒரு சோதனையைச் சேருங்கள்.

சாவி பத்திரமாக இருந்தும் கையொப்பமே அதைக் காட்டிக்கொடுக்கலாம். இசிடிஎஸ்ஏ என்ற கையொப்ப முறையில் ஒவ்வொரு கையொப்பத்துக்கும் ஒரு புதிய ரகசிய எண் தேவை. பிளேஸ்டேஷன் 3-ல் அந்த எண் மாறாமலே பயன்பட்டதால் தனிச் சாவியைக் கணக்கிட்டே எடுக்க முடியும் என்று 2010 டிசம்பரில் செயல்விளக்கத்தோடு காட்டினார்கள். 2013-ல் வந்த ஆர்எஃப்சி 6979 முறையில் அந்த எண் ஹேஷிலிருந்தும் சாவியிலிருந்தும் வருவிக்கப்படும். அதையோ எட்25519 என்ற கையொப்ப முறையையோ பயன்படுத்தினால் இந்தக் கவலை இல்லை.

கேள்வி: ஃபர்ம்வேரை ஏஇஎஸ் (ஒரே சாவியால் பூட்டித் திறக்கும் மறையாக்க முறை) கொண்டு என்கிரிப்ட் செய்திருக்கிறோம். சாவி இல்லாமல் யாரும் தயாரிக்க முடியாது. கையொப்பமும் தேவையா?

பதில்: தேவை. என்கிரிப்ஷன் படிப்பதைத்தான் தடுக்கிறது. ஏஇஎஸ்-ஐப் பயன்படுத்தும் வழிகளில் ஒன்றான சிடிஆர் மோடில் மறையெழுத்தில் ஒரு பிட்டைப் புரட்டினால் மூலத்திலும் அதே பிட் மட்டும் புரளும். நிரலின் அமைப்பு தெரிந்தவருக்கு அது போதும். தவிர, ஏஇஎஸ் சாவி கருவிக்குள்ளேயே இருக்கிறது. எல்லாக் கருவிகளிலும் ஒரே சாவி என்றால், ஒன்றிலிருந்து எடுத்தவர் எல்லாவற்றுக்கும் போலி இமேஜ் செய்யலாம்.

கேள்வி: செக்யூர் பூட் இருக்கும் ரவுட்டரிலும் மால்வேர் நுழைந்ததே, எப்படி?

பதில்: செக்யூர் பூட் பார்ப்பது கருவி தொடங்கும் கணத்தை மட்டும். 2016-ல் பரவிய மிராய் என்ற மால்வேர், டெல்நெட் எனும் தொலை நுழைவுச் சேவையில் ஆலைப் பாஸ்வேர்டுகளை முயன்று உள்ளே வந்து, நினைவகத்தில் மட்டும் ஓடியது. மறுபூட் செய்தால் போய்விடும், பாஸ்வேர்ட் மாறாததால் திரும்ப வந்துவிடும். அங்கே பூட் சங்கிலியில் எதுவுமே மாறவில்லை. உள்ளே வந்தவர் நிரந்தரமாகத் தங்குவதைத்தான் செக்யூர் பூட் தடுக்கும். நுழைவதைத் தடுக்க, ஒவ்வொரு கருவிக்கும் தனிப் பாஸ்வேர்ட், தேவையற்ற சேவைகளை மூடுதல், விரைவான அப்டேட் ஆகியவை தனியாக வேண்டும்.

கேள்வி: மின்னழுத்தத்தை ஒரு கணம் சரித்து செக்யூர் பூட்டைத் தாண்டலாம் என்கிறார்களே, உண்மையா?

பதில்: உண்மை. சரிபார்ப்பின் முடிவைப் பார்க்கும் அந்த ஒரு கட்டளை ஓடும் நேரத்தில் மின்னழுத்தத்தைத் துல்லியமாகக் குலைத்தால் பிராசசர் அதைத் தாண்டிப் போகக்கூடும். 2019-ல் இஎஸ்பி32-ன் முதல் பதிப்பு செக்யூர் பூட் இப்படித் தாண்டப்பட்டது. பிந்தைய ரிவிஷன் சிப்களில் தயாரிப்பாளர் அதைக் கடினமாக்கினார்.

உங்கள் பூட்லோடரில் நீங்கள் செய்யக்கூடியவை உண்டு. வெற்றியைக் குறிக்க 1 என்று வைக்காமல், பல பிட்கள் ஒரே நேரத்தில் புரண்டாலொழிய கிடைக்காத 32 பிட் மாறிலியை வையுங்கள். தொடக்க மதிப்பு தோல்வியாகவே இருக்கட்டும். முடிவை இரண்டு இடங்களில் வேறு வேறு விதமாகச் சோதியுங்கள். இடையே நீளம் மாறும் தாமதம் இருக்கட்டும். கம்பைலர் ஆப்டிமைசேஷன் இரண்டாம் சோதனையைத் தேவையற்றது என்று தூக்கிவிடும், டிஸ்அசெம்பிளியைத் திறந்து பாருங்கள். எம்சியு-பூட்டில் இத்தகைய தாக்குதலைத் தாங்குவதற்கென்றே எஃப்ஐஹெச் என்ற வசதி உண்டு; இயல்பாக அணைந்திருக்கும்.

பூட் ரோமிலேயே ஓட்டை என்றால் அதை அப்டேட்டால் அடைக்க முடியாது. டெக்ரா எக்ஸ்1 சிப்பின் யுஎஸ்பி மீட்பு மோடில் நீளம் சரிபார்க்கப்படாமல் விட்டது 2018-ல் வெளிவந்தபோது, அதுவரை விற்ற நின்டென்டோ ஸ்விட்சுகள் அனைத்தும் அப்படியே நின்றன. ஐ.எம்எக்ஸ் சிப்களின் ஹெச்ஏபி-யிலும் சான்றிதழைப் படிக்கும் இடத்தில் 2017-ல் இத்தகைய ஓட்டை கண்டறியப்பட்டது. சிப் தேர்வு செய்யும்போதே அதன் எர்ராட்டாவையும் (தயாரிப்பாளர் வெளியிடும் பிழைப் பட்டியல்) எந்த ரிவிஷனில் திருத்தம் வந்தது என்பதையும் படியுங்கள். ஒரு கருவியை உடைத்தால் மற்றவை விழாதபடி என்கிரிப்ஷன் சாவிகளைக் கருவிக்கொன்றாக வையுங்கள்.

கேள்வி: ஜிபிஎல் எனும் திறந்த மூல உரிமம் கொண்ட மென்பொருளோடு செக்யூர் பூட் ஒத்துப்போகுமா?

பதில்: ஜிபிஎல் இரண்டாம் பதிப்பில் இருக்கும் லினக்ஸ் கர்னல், பிஸிபாக்ஸ் போன்றவற்றில் பொதுவாகச் சிக்கல் எழுவதில்லை. மூன்றாம் பதிப்பு, நுகர்வோர் கருவிகளில், மாற்றிய மென்பொருளை நிறுவி ஓட்டத் தேவையான தகவலையும் தரச் சொல்கிறது. சாவியும் அதில் அடங்கும். பாஷ் என்ற ஷெல் நிரல் 4.0 முதல் மூன்றாம் பதிப்பு உரிமத்தில்தான் வருகிறது. பில்டு அமைப்பில் உரிமப் பட்டியலை எடுத்துப் பார்த்து, வழக்கறிஞரோடு முடிவு செய்யுங்கள். உரிமையாளர் தன் சாவியைப் பதிந்துகொள்ள இடம் தரும் வடிவமைப்பும் ஒரு நேர்மையான வழி.

கேள்வி: செக்யூர் பூட் உண்மையிலேயே வேலை செய்கிறது என்று எப்படி உறுதி செய்வது?

பதில்: நல்ல இமேஜ் பூட் ஆவது எதையும் நிரூபிக்காது. கெட்டது பூட் ஆகாமல் நிற்பதைக் காண வேண்டும். கையொப்பமிட்ட இமேஜில் ஒரு பிட்டை மாற்றுங்கள்: ஒருமுறை தலைப்பில், ஒருமுறை நடுவில், ஒருமுறை கடைசி பைட்டில். கடைசி பைட்டில் மாற்றியும் பூட் ஆனால் மேலே சொன்ன நீளப் பிழை இருக்கிறது. கையொப்பமே இல்லாத இமேஜ், வேறு சாவியால் கையொப்பமிட்டது, செல்லாததாக்கிய சாவியால் கையொப்பமிட்டது, பழைய எண் கொண்டது, பாதியில் வெட்டியது, உங்களுடைய இன்னொரு தயாரிப்புக்கான இமேஜ் என ஒவ்வொன்றையும் ஏற்றிப் பாருங்கள். கடைசியாகச் சொன்னது அடிக்கடி பூட் ஆகிவிடும். தயாரிப்புக்கொரு சாவி இருந்தால் ஆகாது. இதே சோதனையைச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியிலும் செய்யுங்கள். அப்டேட் எழுதும்போது பல்வேறு கட்டங்களில் மின்சாரத்தைத் துண்டித்து, இரண்டில் ஒரு ஸ்லாட்டிலாவது எழுகிறதா என்று பாருங்கள். ஜேடேக் (சிப்பின் பிழைதிருத்த இணைப்பு), சீரியல் இரண்டையும் இணைத்து, அவை உண்மையாகவே மூடியிருக்கின்றனவா என்றும் பார்க்க வேண்டும். ஃபியூஸ் எரித்த, ரிலீஸ் பில்டு ஏற்றிய, பெட்டிக்குள் போகவிருக்கும் அதே கருவியில் செய்தால்தான் இந்தச் சோதனைக்கு மதிப்பு.

கேள்வி: பூட் நேரம் எவ்வளவு கூடும்?

பதில்: கையொப்பக் கணக்கைவிட, இமேஜ் முழுவதையும் படித்து ஹேஷ் எடுப்பதே பொதுவாக அதிக நேரம் பிடிக்கும். 40 மெகாஹெர்ட்ஸ் குவாட் எஸ்பிஐ ஃபிளாஷிலிருந்து உச்சமாக விநாடிக்கு 20 மெகாபைட் வரும். 8 மெகாபைட் இமேஜைப் படிக்க மட்டும் 0.4 விநாடி. ஹேஷ் ஹார்டுவேர் இருந்தால் அதையும், பிராசசர் இல்லாமலே தரவை நகர்த்தும் டிஎம்ஏ-வையும் பயன்படுத்துங்கள். ஆர்எஸ்ஏ சரிபார்ப்பு இசிடிஎஸ்ஏ-வைவிட வேகமானது. ஆக்சலரேட்டர் இல்லாத சிறிய மைக்ரோகன்ட்ரோலரில் இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும். மாறாக, பி-256 இசிடிஎஸ்ஏ கையொப்பம் 64 பைட்தான். ஆர்எஸ்ஏ-3072-க்கு 384 பைட். நேரத்தை மிச்சப்படுத்த இமேஜின் ஒரு பகுதியை மட்டும் சரிபார்க்கும் யோசனை வந்தால் அதைத் தவிர்த்துவிட்டு இமேஜைச் சிறிதாக்குங்கள்.